அப்பாவின் எடை வரவில்லை

காலை 6:40 வாக்கில் என் ஃபோனில் ஓர் எண் வந்து விழ வேண்டும். 68.2, 68.5, அப்படி ஏதாவது. அப்பா எழுந்து, வாயில் எதுவும் படும் முன், குளியலறையில் இருக்கும் எடை மெஷின்மீது ஏறி நின்றார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இதயம் பலவீனமாக இருப்பதால் தினமும் எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கொழுப்புக்காக அல்ல, நீருக்காக. உடம்பில் ஒரு லிட்டர் நீர் தங்கினால் ஒரு கிலோ கூடும். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே கூப்பிடுங்கள் என்பது அவர் எங்களுக்குச் சொன்ன கணக்கு. அப்பா ஒரு வீட்டில், நான் ஒரு வீட்டில், நடுவே ஒன்றரை மணி நேரப் பயணம். வைஃபை எடை மெஷின் வாங்கியது இதற்காகத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை எண் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. ஏறி நின்னா எடை காட்டுதே" என்றார் அப்பா.

அவர் சொன்னது உண்மை. ஆனால் எடை காட்டுவது ஒரு வேலை, அதை அனுப்புவது வேறு வேலை. நாலு மூலையிலும் இருக்கும் சென்சார்கள் நம் பாரத்தில் துளியூண்டு வளைகின்றன. அந்த வளைவை அளந்து எண்ணாக்க வைஃபை தேவையே இல்லை. ரௌட்டரைப் பிடுங்கிப் பரணில் போட்டாலும் மெஷின் எடை காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

"திங்கக்கிழமை வீட்டுல ஏதாவது மாறுச்சாப்பா?"

"ஒண்ணும் மாறலியே."

பத்து நிமிடம் வேறு என்னென்னவோ பேசினோம். ஃபோனை வைக்கும் நேரத்தில் சொல்கிறார்: "இன்டர்நெட் பையன் வந்து பழைய பெட்டியை எடுத்துட்டுப் புதுசு வெச்சுட்டுப் போனான். பழைய பேரும் பாஸ்வேர்டும்தான் வெக்கச் சொன்னேன். அதனால மாறுச்சுன்னு சொல்ல முடியாது."

பழைய பெயரும் பாஸ்வேர்டும் வைக்கச் சொன்னது உண்மையிலேயே நல்ல யோசனை. டிவியும் அவருடைய ஃபோனும் தாமாகவே புது ரௌட்டரில் சேர்ந்துகொண்டன. எடை மெஷின் மட்டும் சேரவில்லை.

சனிக்கிழமை போனேன். போனதும் நான் செய்தது தப்பான காரியம். ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலைப் பார்த்தேன். எடை மெஷின் அதில் இல்லை. ஆகா, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒன்றும் பிடிக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளிலும் அது அந்தப் பட்டியலில் இருக்காது. பேட்டரியில் ஓடும் கருவி நாள் முழுக்க வைஃபையைப் பிடித்துக்கொண்டிருந்தால் செல்கள் சில நாளில் காலியாகிவிடும். அதனால் அது எப்போதும் தூக்கத்தில்தான் இருக்கிறது. யாராவது ஏறினால் விழிக்கும், அளக்கும், ரௌட்டரைத் தேடிச் சேரும், எண்ணை அனுப்பும், மறுபடி தூங்கும். எங்கள் மெஷினில் இதெல்லாம் எட்டுப் பத்து விநாடியில் முடிந்துவிடும். என்ன கோளாறாக இருந்தாலும் அந்த எட்டுப் பத்து விநாடிக்குள்தான் பார்த்தாக வேண்டும். மற்ற நேரத்தில் அதைக் கூப்பிட்டுப் பார்ப்பது உறங்குகிறவரிடம் நலம் விசாரிப்பது போல.

அப்புறம் நான் மெஷின்மீது ஏறி நிற்பதும், இறங்கி ஓடிவந்து பட்டியலைப் புதுப்பிப்பதுமாக ஒரு மணி நேரம். "உடற்பயிற்சியா?" என்று கேட்டார் அப்பா.

ஆப்பில் மெஷினைப் புதிதாகச் சேர்த்துப் பார்த்தேன். ஆப் புளூடூத் வழியாக வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கும், மெஷின் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் கடைசிப் படியில் ஒரே வாசகம்: 'இணைக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்.' பாஸ்வேர்டு தவறா, ரௌட்டர் கண்ணிலேயே படவில்லையா, ரௌட்டர் கதவைச் சாத்திவிட்டதா? எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாசகம்தான். மெஷினுக்கு உள்ளே காரணம் தெரியும். நமக்குச் சொல்ல வேண்டாம் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். இந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைசியில் வழிகாட்டியது ஹாட்ஸ்பாட். அப்பாவின் ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அதன் அலைவரிசையை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று வைத்து, என் ஃபோனில் உள்ள ஆப் மூலம் மெஷினை அதோடு சேர்த்தேன். முதல் முயற்சியிலேயே சேர்ந்தது. ஏறினேன், எண் வந்தது. (என் எடையை இங்கே எழுதப்போவதில்லை.) ஆக மெஷின் நலம், ஆப் நலம். குற்றவாளி ரௌட்டர்தான். இதை முதல் ஐந்து நிமிடத்தில் செய்திருந்தால் ஒரு மதியத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

ஏன் 2.4 என்றால், பெரும்பாலான எடை மெஷின்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். ஓர் எண்ணையும் தேதியையும் அனுப்ப வேகம் எதற்கு? விலை குறைந்த 2.4 சிப்பே போதும். புது ரௌட்டரோ இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு, யாரை எதில் சேர்ப்பது என்று தானே தீர்மானிக்கிறது. நான் இரண்டையும் பிரித்து, பழைய பெயரை 2.4க்கே விட்டு, 5க்கு வேறு பெயர் கொடுத்தேன். அலைவரிசைக்குள் எந்தத் தடத்தில் பேசுவது என்கிற சானல் தானியங்கியில் இருந்தது, அதையும் 6 என்று நிறுத்தினேன். தானாகத் தேர்ந்தெடுக்கும் ரௌட்டர் சில சமயம் 12, 13 என்று போய் உட்கார்ந்துவிடும், சில கருவிகளுக்கு 11க்கு மேல் கண்ணே தெரியாது.

அப்போதும் சேரவில்லை.

மிச்சம் இருந்தது பாதுகாப்பு முறை. புது ரௌட்டரில் டபிள்யூபிஏ3 என்று இருந்தது. அது 2018இல் அறிமுகமானது. எங்கள் மெஷினுக்குள் இருக்கும் சிப்புக்கு அந்தப் பாஷையே தெரியாது. இரண்டும் கலந்த முறை ஒன்று இருக்கிறது, பழைய டபிள்யூபிஏ2, புது டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும். அதில் வைத்தேன். நியாயப்படி அது போதும், சில பழைய கருவிகள் அதிலும் மிரளும். எங்களுடையது மிரண்டது. 2.4க்கு மட்டும் வெறும் டபிள்யூபிஏ2 என்று மாற்றினேன். மாற்றிவிட்டு ஏறி நின்றால், கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன டிக் அடையாளம். பட்டியலுக்கு ஓடினேன். புதிதாக ஒரு வரி: ஈஎஸ்பி என்று தொடங்கி, பின்னால் நாலைந்து எழுத்தும் எண்ணும். யாரோ வெளியாள் நுழைந்துவிட்டான் என்று என் விரல் தடுப்புப் பொத்தான் வரை போய்விட்டது. நல்லவேளை, எடை மெஷினின் சிப் தன் கம்பெனிப் பெயரில் வந்து நிற்கிறது என்று புரிந்தது. தடுத்திருந்தால் இன்னொரு சனிக்கிழமை போயிருக்கும்.

இடையில் ஒரு பழைய கதை. மெஷின் வாங்கிய புதிதில் அப்பா வீட்டு வைஃபைக்குத் தமிழில் 'நம்ம வீடு' என்று பெயர் வைத்திருந்தேன். ஃபோனில் அழகாகத் தெரிந்தது. எடை மெஷின் ஆப்பில் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. வைஃபை பெயருக்கு உச்சவரம்பு 32 பைட். தமிழில் அகரமேறிய மெய்யும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக மும்மூன்று பைட் பிடிக்கும், அந்தக் கணக்கில் 'நம்ம வீடு' 25 பைட். வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் மெஷினுக்குப் பிடிபடவில்லை. மனசில்லாமல்தான் ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது நாள் எண்கள் ஒழுங்காக வந்தன. பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. வியாழக்கிழமை காலை மூன்று எண்கள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன, ஒவ்வொன்றும் அதனதன் தேதியோடு. அனுப்ப முடியாத எடைகளை மெஷின் தனக்குள் சேர்த்து வைத்து, வழி கிடைத்ததும் கொட்டியிருக்கிறது. ஆக பாஸ்வேர்டு சரி, ரௌட்டர் சரி. சில நாள் வழி திறக்கிறது, சில நாள் இல்லை. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமையும் எண் இல்லை. வீடியோ அழைப்பில் சொன்னேன்: "காலையில எப்படி எடை பார்க்குறீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்கப்பா. ஒண்ணும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

ஃபோனை எதன்மீதோ சாய்த்து வைத்தார். மெஷினை எடுத்துப் போட்டார், ஏறினார், எண்ணைப் பார்த்தார், இறங்கினார். இறங்கிய வேகத்திலேயே குனிந்து மெஷினைத் தூக்கி, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தில் செங்குத்தாகச் செருகினார். மூன்று விநாடி ஆகியிருக்குமா, தெரியாது. நாலு வருடம் ஒத்திகை பார்த்தது போல இருந்தது.

"எப்ப இருந்துப்பா அங்க வெக்கிறீங்க?"

"இந்த வாரமாத்தான். ராத்திரி எழுந்து வந்தா கால்ல இடிக்குதும்மா."

ஒரு பக்கம் முழு உயர இரும்புப் பெட்டி, மறுபக்கம் தண்ணீர்க் குழாய்கள் ஓடும் சுவர். பாவம், மெஷின் விழித்து ரௌட்டரைத் தேடத் தொடங்கும் நேரத்தில் அந்தச் சந்துக்குள் கிடக்கிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும், நீர் நிறைந்த எதிலும் கொஞ்சம் தேய்ந்துபோகும், மேலே நிற்கும் மனித உடம்பு உட்பட. அப்புறம் வியாழக்கிழமை மட்டும் எப்படி வந்தது? அன்று அப்பாவுக்கு முதுகுவலி. குனிய முடியாமல் தரையிலேயே விட்டுவிட்டார்.

டிக் அடையாளம் வரும் வரை தொடக் கூடாது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அப்புறம் சந்தில் வைத்தாலும் பரவாயில்லை. ஆனால் இப்படித் தூக்கிச் சாய்த்து வைக்கும் மெஷின்களில் பல, மறுபடி தரையில் வைத்ததும் ஒருமுறை மிதித்துவிட்டு, பூஜ்யம் வந்த பிறகு ஏறினால்தான் சரியான எடை காட்டும். இரண்டு கிலோவைத் தேடுகிற வீட்டில் அரை கிலோப் பிழையும் பெரிது. கடைசியில் நானே ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்து, மெஷினை அங்கேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி மௌனம். இந்த முறை முழு மௌனம், விட்டுவிட்டு அல்ல. எடை மட்டும் பளிச்சென்று தெரிகிறதாம். அந்த வாக்கியத்தை இனி நம்புவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

"செல் மாத்தினீங்களாப்பா?"

"மாத்தினேனே. நேத்து செல் படம் காட்டி மினுக்குச்சு. உடனே மாத்திட்டேன்."

ரௌட்டர் சேர்க்காத அந்த நாட்களில் மெஷின் ஒவ்வொரு முறையும் முட்டி மோதித் தேடியிருக்கும். அதில் பழைய செல்கள் கொஞ்சம் சீக்கிரமே தீர்ந்திருக்க வேண்டும். அது புரிகிறது. "புது செல்தானே போட்டீங்க?"

"நல்ல செல்."

"நல்ல செல்னா?"

வருடத்துக்கு ஒருமுறை வீட்டில் உள்ள எல்லாச் சுவர்க் கடிகாரங்களுக்கும் ஒரே நாளில் செல் மாற்றுவது அப்பாவின் வழக்கம். கழற்றிய செல்களை எறிய மாட்டார், ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார். கழற்றும் நேரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டுதானே இருந்தது, அப்போ செல் நல்ல செல் என்பது அவர் வாதம். வாதத்தில் ஓட்டை இல்லை. கடிகாரத்தைப் பொறுத்தவரை மட்டும், அவ்வளவுதான். சுவர்க் கடிகாரம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். வைஃபை சிப் பேச வாய் திறந்தால் நூறு, இருநூறு மில்லி ஆம்பியர் ஒரே இழுப்பில் வேண்டும். பழைய செல்லுக்குள் தடை கூடியிருக்கும். அவ்வளவு இழுத்தால் அதன் வோல்டேஜ் படுத்துவிடும், சிப் மயங்கி விழும், பிறகு பழையபடி எழும். எடை அளக்கவும் எண்ணைக் காட்டவும் வேண்டிய மின்சாரம் சொற்பம் என்பதால் அந்த இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை.

இதை ஃபோனில் என்னால் முடிந்தவரை விளக்கினேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என் ஹார்ட் மாதிரின்னு சொல்லு. சமதரையில நடக்கும். படி ஏறுன்னா நின்னுடும்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நாலும் புதுசா போடுங்கப்பா, பழசையும் புதுசையும் கலக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். போட்டார். அன்றைக்கே தேங்கியிருந்த எண்களும் சேர்ந்து வந்துவிட்டன.

இப்போது தினமும் வருகிறது. 6:40க்கு எண், 6:42க்கு அப்பாவிடமிருந்து ஃபோன்.

"வந்துச்சாம்மா?"

"வந்துச்சுப்பா. 68.3."

"சரி, இங்கேயும் அதேதான் காட்டுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.