கோடரியல்ல, ஆப்பு

இன்று கண்ணில் பட்ட ஒரு படத்தில் இளம் ஆபிரகாம் லிங்கன் கோடரியை ஓங்கி நிற்கிறார். காலடியில் பிளந்த வேலிக்கட்டைகள்.

கோடரி மரத்தை வீழ்த்தத்தான். கட்டையைப் பிளப்பது ஆப்பும் சம்மட்டியும்.

சுமார் பத்தடித் துண்டின் முனையில் ஆப்பை இறக்க வேண்டும். வெடிப்பு ஓடும், அது போகிற வழியிலேயே அடுத்தடுத்த ஆப்பு. முதலில் பாதி, பிறகு கால். ரேகை நேராக இருந்தால் மரமே வழிவிடும். நடுவில் ஒரு கணு இருந்தால் வெடிப்பு விலகி, கட்டை ஒருபக்கம் மெலிந்து வீணாகும். மரம் பார்த்துத் தேர்வதே பாதி வேலை.

1830இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லிங்கன் செய்த வேலை இது.

1860 மே மாதம், அதே மாநிலத்தின் டிகேட்டர் ஊரில் குடியரசுக் கட்சியின் மாநில மாநாடு. லிங்கனின் உறவினர் ஜான் ஹேங்க்ஸ் அந்தக் காலத்துக் கட்டைகள் இரண்டை, லிங்கனை அதிபர் வேட்பாளராகச் சொல்லும் பதாகையோடு சுமந்து வந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்போது லிங்கன் ரயில் கம்பெனிகளுக்கு வாதாடிய பெரிய வக்கீல். மக்கள் மனதில் பதிந்ததோ அந்த இரண்டு கட்டைதான்.

எனக்குப் பிடித்தது அவர் பதில். இவை நான் பிளந்தவைதானா என்று உறுதி சொல்ல முடியாது, இதைவிட நல்லவை பிளந்திருக்கிறேன் என்ற பொருளில் பேசினார்.

தொழில் தெரிந்தவர் பேச்சு அது.