பெயர்ப்பலகை இல்லாத குட்டி வண்டி

2024 ஜனவரி 21, ஞாயிறு

கிணத்துக்கடவுக்குத் தெற்கே, பழைய சாளை (தோட்டத்து வீடு) ஒன்றை இடித்துக்கொண்டிருந்த தோட்டத்திலிருந்து இந்தக் குட்டி மோட்டார் பைக்கை இன்று வீடு கொண்டுவந்து சேர்த்தேன். தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக் கூட்டம் பொள்ளாச்சிச் சாலையோரம் முழுவதும் நடந்துகொண்டிருந்ததால், குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியின் பின்புறத்தில் கயிற்றால் கட்டிய வண்டியோடு சூலூர் வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

வண்டியின் நீளம் நான்கடிக்கும் குறைவு. இருக்கை என் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கிறது. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் கிடையாது. மூட்டை தள்ளும் டிராலியில் இருப்பது போன்ற சிறிய சக்கரங்கள், டயரில் 4.10/3.50-4 என்ற அளவு மட்டும் படிக்கக் கிடைக்கிறது. பெயர்ப்பலகையோ, சட்டத்தில் வெட்டிய எண்ணோ எங்கும் இல்லை.

"பட்டாளத்து வண்டிங்க தம்பி. சண்டை சமயத்துல ஏரோப்ளேன்ல இருந்து குடை கட்டி எறக்குனது. எங்க அப்பாரு சூலூர்ல வாங்கியாந்ததுங்க" என்றார் தோட்டத்துக்காரர். கதைக்கும் சேர்த்து 7,500 ரூபாய் கொடுத்தேன்.

ஜனவரி 23, செவ்வாய்

பட்டாளத்துக் கதையை முதலில் தீர்த்துவிட வேண்டியிருந்தது. அதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. பாராசூட்டில் இறக்குவதற்கென்றே வெல்பைக் என்ற மடக்கு வண்டி 1942 முதல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டதும், சூலூரில் 1940களிலேயே விமானத் தளம் இருந்ததும் உண்மை. ஆனால் வெல்பைக்கில் இருந்தது 98 சிசி வில்லியர்ஸ் டூ ஸ்ட்ரோக் என்ஜின். இதில் இருப்பதோ, ஆயில் ஊற்றத் தனி மூடியும் சிலிண்டரின் பக்கவாட்டில் வால்வு அறையும் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக். வெல்பைக்கின் ஹேண்டில்பாரும் இருக்கையும் மடங்கக்கூடியவை; இதில் மடங்கும் மூட்டு ஒன்றுகூட இல்லை.

படத்தைப் பார்த்த நண்பர்கள் இருவர் ஹோண்டா மங்கி என்றார்கள். 1967-இல் வந்த இசட் 50 எம் மாடலிலும் சின்னஞ்சிறு சக்கரங்கள்தாம் என்றாலும், அந்த 49 சிசி என்ஜினில் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்திருக்கும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் சிலிண்டரின் தலையில் இருக்கும். இதில் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறது. ஆகவே அதுவும் இல்லை.

மிஞ்சுவது அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் பிள்ளைகள் ஓட்டிய மினிபைக். குழாய்ச் சட்டம், புல்வெட்டும் இயந்திரத்தின் என்ஜின், வேகம் கூடினால் தானே பிடித்துக்கொள்ளும் கிளட்ச், ஒரு செயின், அவ்வளவுதான் அதன் அமைப்பு. அங்கே பல கம்பெனிகள் அதைச் செய்து விற்றன. வீட்டிலேயே செய்துகொள்வதற்கான வரைபடங்களும் பத்திரிகைகளில் வந்தன. இரண்டாவதாகச் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது.

இடது ஃபுட்ரெஸ்ட் சட்டத்தோடு சேரும் இடத்தில் மட்டும், பற்றவைத்த பித்தளை இரண்டு பங்கு தடித்து, தேன்கூட்டு மெழுகு வழிந்ததுபோல இருக்கிறது. வலது பக்கம் அப்படி இல்லை. காரணம் பிடிபடவில்லை, குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 28, ஞாயிறு

என்ஜினின் மேல்மூடியில் சாணி போல இறுகிக் கிடந்த ஆயில் அழுக்கை மண்ணெண்ணெயில் நனைத்த தேங்காய் நாரால் அரை மணி நேரம் தேய்த்தபின், தகட்டில் அடித்த எண்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். அந்தக் கம்பெனியின் எண் முறை எளிமையானது: மாடல் எண்ணின் தொடக்கம் என்ஜின் கொள்ளளவைத் தோராயமாகக் கன அங்குலத்தில் சொல்லும், குறியீட்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், தேதி. இதில் மாடல் 8 என்று தொடங்குகிறது. குறியீட்டு எண் 710914 என்று தொடங்குகிறது. ஆக, 127 சிசி, 3 குதிரைத்திறன், 1971 செப்டம்பர் 14. எங்கள் அப்பா தலைமுறையின் பிறந்த தேதிகளைவிட இது நம்பகமானது; பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி அல்லவே.

பட்டாளத்துக் கதை இத்துடன் முடிந்தது. ஆனால் என்ஜின் பிறந்த நாள் வண்டி பிறந்த நாள் ஆகாது.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று கற்றுக்கொண்டதை விரிவாக எழுதத் தோன்றுகிறது. ஊர் தெரியாத வண்டியின் ஊரைச் சொல்வது பெயின்டும் ஸ்டிக்கரும் அல்ல, மரைதான், அதாவது போல்ட்டில் வெட்டிய திருகுப் பல்.

என்ஜின் போல்ட்டுகள் அமெரிக்க அங்குல மரை என்பதில் ஐயமில்லை. சட்டத்தின் போல்ட்டுகளும் அங்குல அளவாகவே இருந்ததால், வண்டி முழுவதும் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று முடிவுகட்ட இருந்தேன். அங்குல மரையில் பிரிட்டிஷ் விட்வொர்த்துக்கும் அமெரிக்க முறைக்கும் பெரும்பாலான அளவுகளில் ஓர் அங்குலத்துக்கான பற்களின் எண்ணிக்கை ஒன்றே. முன்னதில் பல்லின் கோணம் 55 பாகை, பின்னதில் 60 பாகை, அதுவும் தேய்ந்த போல்ட்டில் கண்ணுக்குத் தெரியாது. அரை அங்குல போல்ட்டில் மட்டும் இரண்டும் பிரிகின்றன: விட்வொர்த்துக்கு 12 பல், அமெரிக்க முறைக்கு 13. நல்ல வேளையாகப் பின்சக்கர அச்சு அரை அங்குலம். பல் எண்ணிக்கை பார்க்கும் தகடுகள் கொண்ட திரெட் கேஜை வைத்து விளக்கின் எதிரே பிடித்தேன். 13-ஆம் எண் தகடு மூன்றாம் பல்லிலேயே தூக்கிக்கொண்டது, 12-ஆம் எண் தகடு ஒளி புகாமல் உட்கார்ந்தது. ஆக, அச்சு விட்வொர்த்.

பிறகு சட்டத்தின் குழாயை வெர்னியரில் அளந்தேன். அமெரிக்க வரைபடத்தின் ஒரு அங்குலக் குழாய் என்றால் வெளிவிட்டம் 25.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், காட்டியது 26.9. அது நம் ஊரில் தோட்டத்துத் தண்ணீருக்குப் போடும் முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம், தண்ணீர்க் குழாய்க்குப் பெயர் வைப்பது உள்வாயின் அளவையொட்டி. இருக்கைக்கு அடியில் திறந்திருந்த குழாய் முனைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் துத்தநாகப் பூச்சு இன்னும் மங்கலாக மின்னுகிறது. சக்கரத்தின் பேரிங் 6202, மோட்டார் பம்புக்குப் போடும் அதே எண்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கிளட்சை எடுத்துக்கொண்டு உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனேன். டிரம் வார்ப்பிரும்பு, லேத்தில் கடைந்தது. உள்ளே இருந்த ஷூவைக் கையில் வாங்கிய கணத்திலேயே பெரியவர் ஒருவர் சொன்னார்: "லூனா ஷூங்க இது. லைனிங் மட்டும் வேற ஒட்டி ரிவிட் அடிச்சிருக்காங்க." நம்பாமல் நின்ற என்னைப் பார்த்து, ஒரு கோணிப்பைக்குள் கைவிட்டு, அதே போன்ற ஷூ ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது. லூனா மொபெட் 1972-இல்தான் வந்தது. எனவே இந்த வண்டி அதற்கு முன்னால் ஓடியிருக்க வழியில்லை, ஷூ பின்னால் மாற்றப்பட்டதாக இருந்தாலொழிய. டிரம்மின் உள்விட்டம் ஷூவுக்கென்றே கடைந்ததுபோல இருப்பதால், மாற்றியதாக எனக்குப் படவில்லை.

மாலையில் சிங்காநல்லூரில், பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவிடம் சட்டத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பற்றவைப்பின் மேல் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மில்லுக்காரன் கைங்க மாப்ளே. சீமை மிசினுக்கெல்லாம் விட்வொர்த்துதான், டேப் டை எல்லாம் மில்லு ஒர்க்ஷாப்புலயே கெடக்கும். மொதலாளி ஊட்டுப் பையனுக்குச் செஞ்சு குடுத்துருப்பாங்க" என்றார். கடைசி வாக்கியம் அவருடைய ஊகம். முதல் இரண்டையும் என் அளவுகள் ஒத்துக்கொள்கின்றன.

பிப்ரவரி 18, ஞாயிறு

வெட்கத்தோடு எழுதுகிறேன். இந்த வகை என்ஜினில் கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டரின் கிளட்சே ஃப்ளைவீலைப் பிடிக்கும் நட்டாகவும் இருக்கிறது என்பதை அறியாமல், அதைத் தட்டிக் கழற்றப் பார்த்து ஃப்ளைவீலின் ஓர் இறகு நுனியை ஒடித்துவிட்டேன். விரிசல் ஏதும் ஓடியிருக்குமோ என்ற பயத்தில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சுண்ணாம்பு பூசிக் காயவிட்டேன். விரிசல் இருந்தால் அந்தக் கோட்டில் எண்ணெய் கசிந்து சுண்ணாம்பு நனையும். நனையவில்லை.

அடியில், ஃப்ளைவீலைக் கிராங்கோடு பிணைக்கும் சாவி என்ற சிறு உலோகத் துண்டு பாதி வெட்டுப்பட்டிருந்தது. மென்மையான உலோகத்தில் வேண்டுமென்றே செய்யப்பட்ட சாவி அது. என்ஜின் சட்டென்று நின்றால் அது வெட்டுப்பட்டு, கிராங்கைக் காப்பாற்றும். ஆனால் சிறிது விலகினாலும் ஸ்பார்க் விழும் நேரம் மாறிவிடும். புதுச் சாவி போட்டு, ஸ்பார்க்குக்கான பாயின்ட் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வைத்தேன். வால்வு லேப்பிங் (வால்வை அதன் இருக்கையில் தேய்த்துப் பொருத்துவது), டேங்கின் துரு, கார்பரேட்டர் டயாஃப்ரம் எல்லாம் வழக்கமான வேலைகள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய டயாஃப்ரம் தாங்காது என்பதால் புதியது வரவழைத்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

திருப்பூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். சிவப்பு பெயின்ட் அடித்து அமெரிக்க கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டினால், போட்ட பணத்துக்கு ஐந்து மடங்கு தருவதாகச் சொன்னார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். சுரண்டியபோது அடியில் கிடைத்த பச்சையையே அடிக்கப்போகிறேன். பித்தளைப் பற்றுகளை ராவி மழுப்பப் போவதில்லை, இடது பக்கத்துத் தடிப்பு உட்பட.

மார்ச் 17, ஞாயிறு

எஸ்.ஏ.இ. 30 ஆயில் ஊற்றி, தென்னந்தோப்புக்குள் வைத்து ஏழாவது இழுப்பில் என்ஜின் பற்றியது. ஆர்.சி. இல்லாத வண்டி வேலியைத் தாண்டக் கூடாது என்பது வீட்டு உத்தரவு, சட்டமும் அதுதான். இரண்டு வரிசை தென்னைக்கு நடுவே நேராகப் போகும்வரை குறையொன்றும் இல்லை. இந்த வண்டிக்குப் பிரேக் என்பது பின் டயரின் மேல் அழுந்தும் ஓர் இரும்புத் தகடு மட்டுமே. வாய்க்கால் ஈரத்தில் டயர் நனைந்தபின் அது சோப்பு போல வழுக்கியது. வாய்க்கால் மேட்டில் மோதி, இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன்.

முழங்கையில் சிராய்ப்பு. வண்டியில் வளைந்தது ஒன்றே ஒன்று: இடது ஃபுட்ரெஸ்ட், அந்தத் தடித்த பித்தளைப் பற்றுக்கு ஒரு விரல் இந்தப் பக்கம். பற்று அப்படியே நிற்கிறது.