டிரம்மரின் அக்கா எடுத்துத் தந்த டைரி

ராக் குழுவின் வரலாறு எழுத வேண்டுமானால் பாடகரை எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும், மீதியெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் முதல் புத்தகத்தில் இறங்கினேன். எழுபதுகளில் பேரெடுத்த ஒரு பிரிட்டிஷ் குழு அது. சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் இருப்பதால் பெயரை இங்கே சொல்லவில்லை.

அதற்கு முன் 10 வருடம் இசைப் பத்திரிகைகளுக்கு எழுதியிருந்தேன். ஆல்பம் விமர்சனம் என்றால் 150 சொல். பேட்டி என்றால் ஹோட்டல் அறையில் 20 நிமிடம், பக்கத்தில் லேபிளின், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தின், ஆள் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த வேலை சுருக்கமாக எழுதக் கற்றுத் தந்தது. ஒரு மனிதரின் 30 வருடத்தைப் பின்தொடர்வது எப்படி என்று மட்டும் கற்றுத் தரவில்லை.

திட்ட அறிக்கையும் ஒரு மாதிரி அத்தியாயமும் எழுதிக் கொடுத்தேன். பதிப்பகம் ஒப்புக்கொண்டது. முன்பணத்தில் ஒரு பங்கு கையெழுத்தின்போது, ஒரு பங்கு கைப்பிரதி கொடுக்கும்போது, மீதி புத்தகம் வெளிவரும்போது. அப்புறம்தான் குழுவின் மேனேஜருக்கு எழுதினேன். பதில் இரண்டு வரி: முழுக் கைப்பிரதியையும் அவர் படித்து ஒப்புதல் தந்தால் எல்லாரும் பேசுவார்கள், இல்லையென்றால் யாரும் பேச மாட்டார்கள். ஒரு வாரம் யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தேன். அங்கீகாரம் பெற்ற வரலாறுகளிலும் நல்லவை உண்டு. ஆனால் எதை அடிப்பது என்ற பேனா அவர் கையில் இருந்தால், நான் தேடிப் போன விஷயம் எனக்குக் கிடைத்திருக்காது.

நான் தேடிப் போனது, இரண்டாவது ஆல்பத்துக்கு முன் நீக்கப்பட்ட டிரம்மரைப் பற்றி. அதுவரை வந்த புத்தகங்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்லின: 1972 நவம்பரில் ஒரு நாள் குடித்துவிட்டு வந்தார், மேடையே ஏறவில்லை, அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள்.

பெரிய ஆட்கள் கதவைச் சாத்தியதும் ஒலிப் பொறியாளர், வேன் ஓட்டியவர், டிரம் செட்டைப் பிரித்து மாட்டிய ரோடி என்று ஒவ்வொருவராகத் தேடினேன். யாரும் அவர்களிடம் அதற்குமுன் கேட்டதே இல்லை. கேட்டதும் கொட்டினார்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க எனக்கு 5 மணி நேரம் பிடிக்கும். அந்த வருடம் முழுக்கக் காதில் ஹெட்போனோடுதான் போனது.

ஆனால் நினைவு பொல்லாதது. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு வாசித்தபோது அரங்கில் இருந்தவர்கள் சுமார் 40 பேர்தான் என்பார்கள். நானும் இருந்தேன் என்று பிற்பாடு சொன்னவர்களை அந்த அரங்கே கொள்ளாது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்டுக் கேட்டு, கதை அவர்களுடையதாகவே ஆகிவிடுகிறது. என் ரோடியும் அப்படித்தான், 'குடித்துவிட்டு வந்தான்' என்றார். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, "இல்லை, சொன்னார்கள்" என்றார்.

டிரம்மர் இறந்துவிட்டார். அவருடைய அக்காவைக் கண்டுபிடித்து மூன்று கடிதம் எழுதிய பிறகு வரச் சொன்னார். முதல் நாள் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கவே இல்லை. இரண்டாம் நாள் அவராகவே ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே உள்ளங்கை அளவு டைரிகள், வருடத்துக்கு ஒன்று. பென்சில் எழுத்து. ஒவ்வொரு நாளுக்கும் ஊர், போன தூரம், வாசித்த பாட்டுகளின் எண்ணிக்கை, அவ்வளவே. அந்த நவம்பர் பக்கத்தைத் திருப்பினேன்: '140 மைல். 11 பாட்டு. இடது மணிக்கட்டு வலி.' வாசித்திருக்கிறார்.

டைரியை மட்டும் நம்பி எழுதக் கூடாது என்று நூலகத்தில் பழைய வார இதழ்களைப் புரட்டினேன். 1926 முதல் வந்த மெலடி மேக்கர், 1952 முதல் வந்த என்எம்இ, 1970இல் தொடங்கிய சவுண்ட்ஸ். இவற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டையில் சனிக்கிழமை தேதி இருக்கும், இதழ் அதற்கு முன்பே கடைக்கு வந்திருக்கும், உள்ளே இருக்கும் விமர்சனமோ இன்னும் முந்தைய நிகழ்ச்சியைப் பற்றியது. எனக்கு முன் எழுதிய ஒருவர் அட்டைத் தேதியையே நிகழ்ச்சித் தேதியாக எடுத்திருந்தார். சரியான நாளைக் கணக்கிட்டுத் தேடியதும் கால் பக்க விமர்சனம் ஒன்று சிக்கியது. அதில் டிரம்மரின் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தார்கள். நூலகம் என்பதால் சத்தம் போடவில்லை.

டைரியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பாட்டுகளின் பெயர், எதிரே ஒரு கேள்விக்குறி, கீழே சதவீதக் கணக்கு. பாட்டெழுதியவர் என்று பெயர் பதிவானவருக்கே பாடலாக்க ராயல்டி போகும்; தாளத்தை அமைத்தவர் பெயர் பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை. தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி டிரம்மர் கேட்டதாக அக்கா சொன்னார். கேட்டு நான்கு நாளில் மேனேஜரிடமிருந்து போன்.

பதிப்பகத்தின் வழக்கறிஞரோடு மூன்று நாள் உட்கார்ந்தேன். இங்கிலாந்துச் சட்டப்படி இறந்தவரை வைத்து அவதூறு வழக்கு போட முடியாது. உயிரோடு இருப்பவர் போட்டால், எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் எழுதியவர் தலையில். ஒவ்வொரு வரிக்கும் வழக்கறிஞர் கேட்டது ஒன்றே: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" 'பங்கு கேட்டதால் துரத்தினார்கள்' என்ற என் வாக்கியம் போயிற்று. டைரியில் இருப்பது, அக்கா சொன்னது, மேனேஜர் பதில் சொல்ல மறுத்தது ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நின்றன. அப்படி நின்றபோது இன்னும் பலமாக இருந்ததாகவே எனக்குப் பட்டது.

பாடல் வரிகள் தனித் தலைவலி. தலைப்பைத் தாராளமாக அச்சிடலாம். வரிகளை அச்சிட அனுமதி வாங்கச் சொன்னார்கள். அதைத் தர வேண்டியது லேபிள் அல்ல, பாடலின் உரிமையை வைத்திருக்கும் இசைப் பதிப்பகம். கட்டணமும் என் கையிலிருந்துதான். ஏழு இடங்களில் வரிகளை எடுத்துவிட்டு, பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று சொந்த வார்த்தையில் எழுதினேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் அத்தியாயத்திலிருந்தே அப்படி எழுதிப் பழகுங்கள்.

அச்சுக்குப் போகுமுன், அக்கா சொன்னதாக வரும் வாக்கியங்களை மட்டும் போனில் படித்துக் காட்டினேன். ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை. "அவன் பெயரை எப்படி எழுதியிருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். முந்தைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஓர் எழுத்து தப்பாக இருந்ததாம். அன்றிரவு பெயரடைவின் மெய்ப்பை எடுத்து அவர் பெயர் வரும் பக்கங்களை எண்ணினேன். 41. ஒவ்வொன்றிலும் அந்த எழுத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.