மூன்றாம் முறை தொடங்கிய கூத்து வீடியோ

2012-இல் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் சித்தப்பா வேஷம் கட்டிய கூத்தை இரவல் கேம்கார்டரில் எடுத்து வைத்திருந்தேன். ஐந்து மணி நேரம் ஓடும். பேட்டரி தீர்ந்துபோனதால் விடியற்காலைக் காட்சிகள் கிடையாது. இந்த வருஷம் அவர் மகன் ஃபோனில் எடுத்த கூத்துத் துண்டுகளை அனுப்பினான். அன்றைய ஆட்டத்தையும் இன்றைய ஆட்டத்தையும் சேர்த்து ஒரே வீடியோவாக்கிக் கொடுக்கலாமே என்று கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளைத் திறந்தேன். அதில்தான் மூன்று வாரம் போனது.

முதல் நாள் கைக்குக் கிடைத்தது ஃபோன் கிளிப். இழுத்துப் போட்டதும், கிளிப்பும் புராஜெக்ட்டும் பொருந்தவில்லை, மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி வந்தது. படிக்காமலே சரி என்று அழுத்திவிட்டேன். அந்த ஒரு அழுத்தில் புராஜெக்ட் நொடிக்கு 30 ஃபிரேம் ஆகிவிட்டது. எனக்கோ முக்கால்வாசிக்கு மேல் கேம்கார்டர் சரக்கு. இரண்டு சாயங்காலம் வெட்டி ஒட்டிய பிறகுதான் டிவியில் போட்டுப் பார்த்தேன். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போதெல்லாம் படம் விட்டு விட்டு நகர்ந்தது. சித்தப்பா சுழலும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால், புஜக்கீர்த்தியின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக நீட்டிக்கொண்டிருந்தது.

வீடியோ ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் கேம்கார்டரின் எம்டிஎஸ் ஃபைலைப் போட்டதும் விஷயம் புரிந்தது. 1920 x 1080, 25 ஃபிரேம், இன்டர்லேஸ், மேல் ஃபீல்டு முதலில். அதாவது ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு கணங்கள் இருக்கின்றன. ஒன்று விட்ட கோடுகள் ஒரு கணத்தையும், மீதிக் கோடுகள் நொடியில் 50-இல் ஒரு பங்கு கழித்து வந்த கணத்தையும் பிடித்திருக்கின்றன. இந்த ஒவ்வொரு பாதிக்கும் பெயர்தான் ஃபீல்டு. அதே ஃபிரேமில் டியூப்லைட் கட்டிய கம்பம் பளிச்சென்று இருக்கிறது, அது அசையவில்லை. சுழலும் தோள்தான் இரண்டு இடத்தில் நிற்கிறது.

சரி, 25 ஃபிரேம் புராஜெக்ட் என்று மறுபடி ஆரம்பித்தேன். இன்டர்லேஸை எடுக்க, வீடியோவை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் யாடிஃப் ஃபில்டர். சீப்புப் பல் போய்விட்டது. ஆனால் கால் அடவு வரும் இடத்தில் ஏதோ குறைந்தது. மிருதங்கம் துரத்துகிறது, கால் அந்த வேகத்தில் தெரியவில்லை. யாடிஃப் சொல்லாமல் விட்டால் இரண்டு ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம்தான் தரும், பாதிக் கணங்கள் காணாமல் போகும். பேட்டி வீடியோ என்றால் யாருக்கும் தெரியாது. கூத்தில் தெரிகிறது.

ஆகவே மூன்றாம் முறை. இந்தத் தடவை எடிட்டரைத் திறக்கும் முன்பே முடிவு செய்துகொண்டேன்: 1080, நொடிக்கு 50 முழு ஃபிரேம். அதே வேலையைச் செய்யும் பிடபிள்யூடிஃப் ஃபில்டர் சும்மா விட்டாலே ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் தருகிறது. நடுவில் ஒரு கூத்து: பழைய மினி டிவி (DV) கேமரா டேப் காலத்துப் பழக்கத்தில் கீழ் ஃபீல்டு முதலில் என்று கொடுத்துவிட்டேன். சித்தப்பா இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று குளிர் ஜுரம் வந்தவர் போல ஆடினார். ஒரு நிமிடத் துண்டில் சோதித்ததால் பிழைத்தேன்.

இம்போர்ட்டில் இன்னொரு சிக்கல். கேம்கார்டர் ஒரே பதிவை 2 ஜிபிக்கு ஒரு ஃபைலாக நறுக்கியிருந்தது. 17 எம்பிபிஎஸ் (நொடிக்கு 17 மெகாபிட்) என்பதால் கிட்டத்தட்ட 16 நிமிடத்துக்கு ஒரு வெட்டு. தனித்தனியாக டைம்லைனில் அடுக்கினால் ஒட்டும் இடத்தில் சத்தம் ஒரு கணம் அறுந்தது. கட்டியங்காரன் நக்கலாக ஒரு பதில் சொல்லும் இடத்திலா அது வர வேண்டும்! மாற்றுவதற்கு முன்பே ஃபைல்களை வரிசையாக ஒன்றாக இணைத்துவிட்டு (விண்டோஸில் காப்பி ஸ்லாஷ் பி, லினக்ஸில் கேட்), அப்புறம் ஃபில்டர் ஓட்டியதும் வசனம் முழுசாகக் கேட்டது.

எந்த வடிவத்துக்கு மாற்றுவது என்பதில் முதலில் எடிட்டிங்குக்கென்றே உள்ள புரோரெஸ் 422 மேல் ஆசை இருந்தது. 1080, 50 ஃபிரேமுக்கு அது 245 எம்பிபிஎஸ், மணிக்கு 110 ஜிபி. ஐந்து மணி நேரத்துக்கு 550 ஜிபி. என்னிடம் இருந்த இடம் 300. தரத்தைக் கூட்டி வைத்து, கேம்கார்டர் ஃபைல் இருந்த அதே எச்.264 வடிவத்திலேயே மாற்றினேன், எடிட் செய்யும்போது மட்டும் புராக்ஸி, அதாவது கணினிக்குச் சுமையில்லாத சின்ன நகல். என் பழைய லேப்டாப்பில் புராக்ஸி போட்ட பிறகுதான் விசிறிச் சத்தம் அடங்கியது. வண்ணத்தில் நுட்பமாகக் கை வைப்பவர்கள் புரோரெஸுக்குப் போகட்டும். டியூப்லைட் பச்சையைக் கொஞ்சம் குறைப்பதற்கு அவ்வளவு தேவையில்லை.

ஃபோன் கிளிப்கள் கடைசியில்தான் உள்ளே வந்தன. அவற்றின் ஃபிரேம் வேகம் நிலையாக இல்லை, இருட்டில் 24-க்கு இறங்கி வெளிச்சத்தில் 30-க்கு ஏறுகிறது. அப்படியே போட்டால் பத்து நிமிடத்தில் சலங்கை முன்னாலும் கால் பின்னாலும் வரும். எல்லாவற்றையும் நிலையான 30-க்கு மாற்றிப் போட்டேன். 30-ஐ 50-இல் வைத்தால் லேசான துள்ளல் இருக்கத்தான் செய்கிறது. வேகத்தைக் குறைத்து 25 ஆக்கினால் துள்ளல் போகும், ஆனால் தாளமும் இறங்கிவிடும். இரண்டு காலத்து ஆட்டத்தைப் பக்கம் பக்கமாக வைக்கும்போது அது மோசடி. துள்ளலே இருக்கட்டும். அடுத்த முறை ஃபோனை 25-இல் வைத்து எடு என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு 12 எம்பிபிஎஸ் வைத்து ரெண்டர் முடித்து, பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சித்தப்பா வீட்டு டிவி, ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவை மட்டும்தான் படிக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. திரும்பி வந்து, 4 ஜிபிக்குள் அடங்கும் 47 நிமிடத்துக்குள் எங்கே திரை பிடிக்கிறார்கள் என்று தேடித் தேடி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.