உளுந்து எடுத்த வயலில் மோட்டோகிராஸ்

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

கோரையாற்றங்கரையில் உளுந்து எடுத்து முடித்த வயல் ஒன்று இந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. குறுவைக்குத் தண்ணீர் வரும் வரை அதில் மோட்டோகிராஸ், அதாவது மேடும் பள்ளமுமான மண்ணில் பைக் பந்தயம், ஓட்டிக்கொள்ளலாம். உடைத்த வரப்பை அதற்குள் கட்டித் தந்துவிட வேண்டும். வயல்காரர் வாடகை கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மைத்துனர் வயலைப் பார்த்துச் சிரித்தார். "தாம்பாளம் மாதிரி கிடக்கிறது. இதில் என்ன அத்தான் மோட்டோகிராஸ்?" என்றார். அவர் ஊரில் மலை தெரிகிறது, கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளமும் இருக்கிறது. அந்தப் பெருமை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாடுகளுக்கிடையிலான முதல் மோட்டோகிராஸ் அணிப் போட்டி 1947-ல் நெதர்லாந்தின் வாசனாரில் நடந்தது. கடலோரத் தாழ்நிலம், மணல்மேடு. அன்று ஜெயித்தது பிரிட்டன். ஆனால் பிறகு இந்த விளையாட்டைப் பரம்பரைச் சொத்தாக்கிக்கொண்டவர்கள் பெல்ஜியக்காரர்கள். ஜோயல் ரோபேர் 250 சிசி பிரிவில் ஆறு முறை உலகச் சாம்பியன். ரோஜர் டி கோஸ்டர் 500 சிசியில் ஐந்து முறை. ஹாரி எவர்ட்ஸ் நான்கு பட்டம் வாங்கினார், அவர் மகன் ஸ்டெஃபான் பத்து வாங்கினார். பெல்ஜியத்தின் தெற்கில் மலை உண்டே என்று மைத்துனர் கைப்பேசியை நீட்டினார். உண்டுதான். ஆனால் ஓட்டுபவர்களின் முழங்காலை நடுங்கவைக்கும் லொம்மெல் பந்தயத் தடம் வடக்கே இருக்கிறது. அங்கே இருப்பது வெறும் மணல். பக்கத்து நாட்டு ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் மணலில் ஓட்டியே வளர்ந்தவர். எவர்ட்ஸின் 101 கிராண்ட் பிரீ வெற்றிகளை 2023-ல் அவர்தான் தாண்டினார்.

மேடு வேண்டுமென்றால் மண்வெட்டி இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ராமநாதபுரத்துக் கீதாரி வயலில் ஆட்டுக்கிடை போட்டுவிட்டார். வயல்காரருக்கு உரம் ஆயிற்று, எங்களுக்கு ஞாயிறு போயிற்று. பேரளத்துக்காரர் வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்று, ஆடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எங்கள் கூட்டத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். பேரளத்துக்காரர், வலங்கைமான் தம்பி, கொரடாச்சேரி, மன்னார்குடிப் பெண். நான் மட்டும் பட்டறை மாமா.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பட்டறைத் தகரத்தின் கீழ் உட்கார முடியவில்லை. அந்த வெயிலில் வலங்கைமான் தம்பி தாத்தாவின் யெஸ்டி பைக்கை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். சேஸிஸின் பின்பகுதியை அறுத்து, உயரமான மட்கார்டு போட்டு, வயல் வண்டியாக்கித் தர வேண்டுமாம்.

கையை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்டார்ட் செய்த கிக்கரையே மடக்கி கியர் போடும் வண்டி அது. இன்று ஓட்டும் பிள்ளைகளிடம் காட்டினால் நம்ப மாட்டார்கள். மைசூரில் ஐடியல் ஜாவா 1961-ல் தொடங்கி 1996-ல் மூடிய தொழிற்சாலையின் பிள்ளை. அதன் மூலமான செக்கோஸ்லோவாக்கிய ஜாவாவுக்கு சி.இசட். உடன்பிறப்பு. அந்த சி.இசட்.டைத்தான் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும்.

பல காலம் இந்த விளையாட்டின் பெரிய பிரிவில் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள்தான் ராஜா. 1924-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் ஸ்கிராம்பிள் என்ற பெயரில் முதல் போட்டி ஓடியது. 500 சிசிக்கு உலகப் பட்டம் என்று வந்தது 1957-ல். அதை முதலில் வென்ற சுவீடன்காரர் பில் நில்சன் ஓட்டியது ஏ.ஜே.எஸ். 1964, 1965 இரண்டு ஆண்டும் ஜெஃப் ஸ்மித் பி.எஸ்.ஏ.யில் வென்றார். கனத்த எஞ்சின், அடிவயிற்றிலிருந்து வரும் இழுவை. டூ ஸ்ட்ரோக் என்றால் சின்னப் பிரிவுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தார்கள். 1966-ல் கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ் சி.இசட். டூ ஸ்ட்ரோக்கில் ஏறி அந்தப் பெரிய பிரிவையே வாரிக்கொண்டார். அடுத்த இரண்டு ஆண்டும் அவரே. வால்வு கிடையாது, கேம் கிடையாது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, எடையும் குறைவு. பிறகு ஜப்பான்காரர்கள் விடுவார்களா? 1970-ல் ரோபேரை ஏற்றி சுசுகி முதல் பட்டத்தைத் தூக்கியது.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நான் எதை ஓட்டுவது மாமா?" என்றான். நியாயமான கேள்வி. போன் போட்டேன். பேரளத்துக்காரர் மாட்டுக்கொட்டகையில் ஒரு பழைய ஷோகன் பைக் கிடக்கிறதாம். எஞ்சின் இருக்கிறது, கார்புரேட்டர் இல்லை. கார்புரேட்டர் கொரடாச்சேரியிடம் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் வண்டி ஆகிவிட்டது. இத்தனைக்கும் மூவரும் ஒரே பிரிவில் மோதப்போகிறவர்கள்.

மே 14, புதன்

பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் கேட் செய்தேன். இத்தனை நாள் கொடி ஆட்டித்தான் விட்டோம்; ஆட்டுவதற்கு முன்பே நகர்ந்துவிட்டான் என்று வாரம் தவறாமல் பஞ்சாயத்து. ஆங்கிளில் சட்டம், பெட்டிக்குழாயில் தடுப்பு, கீழே கீல், இழுக்க ஒரு கம்பி. தடுப்பு ஓட்டுபவரை நோக்கிச் சாய வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். அவசரப்பட்டு முன்சக்கரத்தை நெருக்கி வைத்தவன் தடுப்பு விழ இடம் விடவில்லை. அது அவன் டயரிலேயே சாய்ந்து நின்றுவிடும், பக்கத்தில் இருப்பவர்கள் போய்விடுவார்கள். நடுவரே தேவையில்லை. உலகப் போட்டிகளில் 40 பேர் இப்படி வரிசை கட்டுகிறார்கள், 30 நிமிடமும் அதற்கு மேல் இரண்டு சுற்றும் ஓட்டுகிறார்கள். எங்கள் கேட்டில் எட்டுப் பேர் நிற்கலாம். பத்து நிமிடத்தில் நாக்கு தள்ளிவிடும்.

மே 18, ஞாயிறு

கோடை மழை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நிலம் ஒரு இரவில் களியாகிவிட்டது. முதல் சுற்றிலேயே மன்னார்குடிப் பெண்ணின் பின்சக்கரம் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்து நின்றுவிட்டது. இறங்கி, ஒடித்த மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி எடுத்தாள். ஒவ்வொரு உருண்டையும் அரை கிலோ இருக்கும். மோட்டோகிராஸ் வண்டிக்கு மட்கார்டு ஏன் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று இனி அவளுக்கு யாரும் விளக்க வேண்டாம். எங்கள் மண்ணில் ஈரம் கூடினால் பசை, குறைந்தால் கருங்கல். நடுவில் இரண்டு மணி நேரம் கிடைக்கும், அதுதான் சொர்க்கம்.

கொட்டகையில் ஒதுங்கியபோது பேச்சு ஸ்பிரிங் பக்கம் போனது. பழைய வண்டிகளில் பின்சக்கரம் பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் அதிகம். பெல்ஜியத்தின் லூசியன் தில்கென்ஸ் என்ற பொறியாளர் இருக்கைக்கு அடியில் ஒற்றை ஷாக் அப்சார்பரைப் படுக்கவைத்தார். யமஹா அதை வாங்கிக்கொண்டது. 1973-ல் ஹோகன் ஆண்டர்சன் அதில் 250 சிசி பட்டம் வென்றார். இன்று சக்கரத்துக்கு முப்பது சென்டிமீட்டர் வரை அசைவு. என்னைக் கேட்டால் எந்தச் சாம்பியனையும்விட அந்த ஸ்பிரிங்தான் இந்த விளையாட்டை மாற்றியது. அதற்குப் பிறகுதான் மேடுகள் உயர்ந்தன, தாவல்கள் நீண்டன. விழுவதும் உயரத்திலிருந்து ஆயிற்று.

மே 25, ஞாயிறு

கொரடாச்சேரி விழுந்துவிட்டான்.

உச்சி மேசைபோலத் தட்டையாக நாங்கள் கட்டிய மேசைமேட்டுக்கு அந்தப் பக்கம், தாவி வருபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அங்கே மஞ்சள் கொடியோடு நின்றவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கொடியை வீசுவது எப்படி என்று அவரிடம்தான் கற்க வேண்டும்; வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டின் உச்சிக்கே ஏறி நின்றுவிட்டார். மஞ்சள் என்றால் தாவக் கூடாது, முந்தக் கூடாது. பின்னால் வந்த ஐந்து பேரும் சக்கரம் தரையை விடாமல் உருண்டு இறங்கினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றப் போன கூட்டத்தை மன்னார்குடிப் பெண் அதட்டி நிறுத்தினாள். அவள் செவிலியர். கழுத்தைப் பிடித்தபடியே பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள், 108 வரும் வரை.

காறை எலும்பு முறிவு. வேறு ஒன்றுமில்லை.

மே 29, வியாழன்

அவனைப் பார்க்கப் போனேன். கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டு மாடுகளை இரண்டு வேளையும் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றுவது வலங்கைமான் தம்பி. தினமும் அத்தனை தூரம் வருகிறான், அந்த ஷோகனிலேயே. கொரடாச்சேரியின் அம்மா எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டு மோர் கொடுத்தார். திட்டு நியாயமானது.

கேரளத்து ஹரித் நோவா 2023-ல் பாலைவனத்தில் ஓடும் டக்கார் ராலியில் விழுந்து முதுகில் அடிபட்டு வெளியேறியதையும், அடுத்த ஆண்டே அங்கே ராலி 2 பிரிவில் முதலாவதாக வந்ததையும் பையனிடம் சொன்னேன். அவரும் மோட்டோகிராஸின் தங்கையான சூப்பர்கிராஸ் ஓட்டி வந்தவர். 2015-ல் டக்காரை முழுதாக ஓட்டி முடித்த முதல் இந்தியர் சி.எஸ்.சந்தோஷும் அப்படித்தான். அம்மா காதில் விழாதபடிதான் சொன்னேன்.

கடைத்தெருவில் சைலன்சரைப் பிடுங்கிவிட்டு ஒற்றைச் சக்கரத்தில் போகும் இரண்டு பேர் அங்கேயே வந்து, எங்களோடு சேரலாமா என்று கேட்டார்கள். வயலில் ஓட்டுபவன் சாலையில் அடங்கி ஓட்ட வேண்டும். முதலில் சைலன்சரை மாட்டிக்கொண்டு வரட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

12-ம் தேதி மேட்டூர் திறக்கிறார்கள். இன்று வண்டி கிடையாது, மண்வெட்டிதான். மேசைமேட்டை வெட்டிச் சமன் செய்து, வரப்பு கட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது. வயல்காரர் வரப்பின் மேல் நடந்து பார்த்து, ஓர் இடத்தில் மட்டும் மிதித்து, "இங்கே இன்னும் அணைக்க வேண்டும்" என்றார். அணைத்தோம்.

இரவல் கணக்கு நோட்டைப் புரட்டினேன். கார்புரேட்டர் கொரடாச்சேரிக்குத் திரும்பியாக வேண்டும், கை சேரும் வரை தம்பியிடமே இருக்கலாம் என்று அவனே சொல்லிவிட்டான். மன்னார்குடிப் பெண் ஓட்டும்போது போடும் கண்ணாடி யாரிடம் இருக்கிறதோ தெரியவில்லை. கேட்டைத் தார்ப்பாயில் சுற்றிப் பட்டறையில் போட்டாயிற்று. பேரளத்துக்காரர் என்னிடம் வாங்கிய கிளட்ச் கேபிள் போன ஆண்டுக் கணக்கு. கேட்டால், ரயில்வே கேட்டில் தொலைந்துவிட்டது என்கிறார்.