'ஒரே பிரேமுக்குள்' என்று எழுதாமல் விட்ட கதை

எங்கள் கண்டுபிடிப்பு சின்னதுதான். திரைப் பேனல் தன் நினைவகத்திலிருந்து வரி வரியாகப் படம் காட்டிக்கொண்டிருக்கும்போது பிராசசர் அதற்குள் புதுப் படத்தை எழுதினால், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் படம் கிழிந்து தெரியும். அதைத் தவிர்க்க, 'இப்போது அனுப்பலாம்' என்று பேனல் ஒரு சிங்க் சிக்னல் கொடுக்கும். வழக்கமாக பிரேமுக்கு, அதாவது முழுப் படத்தை ஒருமுறை காட்டும் சுற்றுக்கு, ஒரு துடிப்பு. மின்சாரத்தை மிச்சப்படுத்த 60 ஹெர்ட்ஸை 30 ஆக்கினால் பிரேம் நேரம் 16.7 மில்லிசெகண்டிலிருந்து 33.3 ஆகிவிடும், புதுப் படமும் அவ்வளவு நேரம் காத்துக் கிடக்கும். ஒரு படம் காட்டி முடித்து அடுத்தது தொடங்கும் வரை நீண்டுபோன அந்த வெற்று நேரத்துக்குள் பல துடிப்புகள் கொடுத்தால் என்ன என்பதுதான் எங்கள் யோசனை.

அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தோம். இறுதி நிராகரிப்பு வந்தது: இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் துறை தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதுதான், காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு. எனக்குக் கோபம். அந்த இரண்டிலும் பிரேமுக்கு ஒரு துடிப்புதானே இருக்கிறது!

மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுத்து, 2 மாதத்தில் வாதக் குறிப்பு. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எண்ணிட்டு எழுதும் வாசகங்கள்தான் கிளெய்ம்கள். பக்கங்களைக் குறைக்க, கிளெய்ம் 7-க்கான தனித் தலைப்பை எடுத்துவிடலாம் என்றேன். வக்கீல் மறுத்துவிட்டார். தனித் தலைப்பில் வாதிடாத கிளெய்ம்கள் முதல் கிளெய்மோடு சேர்ந்தே விழுந்துவிடுமாம். விண்ணப்பத்தை நிராகரித்த எக்ஸாமினரின் பதில், அதற்கு எங்கள் மறுமொழி (புது வாதம் எதையும் அதில் நுழைக்க முடியாது), பிறகு நீண்ட காத்திருப்பு.

வாய்மொழி விசாரணையில் எங்களுக்கு 20 நிமிடம், எதிரே மூன்று நீதிபதிகள். நான் பார்வையாளன் மட்டுமே. வக்கீல் படங்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் குறுக்கிட்டார்: "முதல் கிளெய்மில் 'பல துடிப்புகள்' என்றுதானே இருக்கிறது? ஒரே பிரேமுக்குள் என்று எங்கே இருக்கிறது?"

எங்கும் இல்லை. அடுத்தடுத்த பிரேம்களில் ஒவ்வொன்றாக வந்தாலும் அவை பல துடிப்புகள்தான். படத்தில் வரைந்ததை கிளெய்மிலும் எழுதிவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வரைவைப் படித்து ஒப்புதல் தந்ததும் நான்தான்.

தீர்ப்பில் கிளெய்ம் 1-இன் நிராகரிப்பு உறுதியானது. கிளெய்ம் 7-இல் மட்டும் 'ஒரு வெற்று நேரத்துக்குள்' என்று தெளிவாக இருந்தது. அதற்கு அந்த ஆவணங்களில் ஆதாரம் இல்லை என்று நிராகரிப்பை ரத்து செய்தார்கள். அதை முதல் கிளெய்மைச் சாராத தனி கிளெய்மாக மாற்றி எழுதிக் கொடுத்தோம். நான் எடுக்கச் சொன்ன தலைப்பு, முக்கால் பக்கம்கூட இல்லை.