70 வளைவும் இரண்டு எடைக்கல்லும்

வெடியால அஞ்சரை மணி. காரவள்ளி அடிவாரத்தில் டாடா ஏஸிலிருந்து சைக்கிள்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தோம். ஆடிக் காற்று விடாமல் அடித்தது. மலை இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்த ஒரு வண்டியின் விளக்கு மட்டும் இடப்பக்கம் போய், வலப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கம் என்று ஏறிக்கொண்டே இருந்தது. கழுத்தை அண்ணாந்துதான் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு என்று எல்லாருக்கும் தெரியும். இருட்டில் அந்த விளக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உடம்பில் உறைத்தது.

நான் சென்னிமலைக்காரி. பெட்ஷீட் கடை வைத்திருக்கிறேன், வயது 47. ஈரோடு, சென்னிமலை, திருச்செங்கோடு என்று சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் சேர்ந்த ஒரு சின்ன சைக்கிள் குழுவில் நாலு வருஷமாக இருக்கிறேன். ஆரம்பத்தில் முப்பது பேர் வருவோம். பிறகு இருபது. போன வருஷக் கடைசியில் எட்டுப் பேர் கூடினாலே பெரிய விஷயம். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வேகமான நாலு பசங்கள் முன்னால் போய்விடுவார்கள். மற்றவர்கள் மேலே போய்ச் சேரும்போது அவர்கள் டீ குடித்துவிட்டு இறங்கத் தயாராக நிற்பார்கள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், 63 வயது, ஒரு ஞாயிறு தவறாமல் வந்தவர், மெல்ல வராமல் போனார். கூப்பிட்டுக் கேட்டால், "உங்களையெல்லாம் காக்க வைக்க வேண்டாம்னுதானுங்க" என்றார்.

இந்த நேரத்தில்தான் பெரியப்பா மகன் ஊருக்கு வந்தார். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருபது வருஷமாக இருக்கிறார். 41 வயதில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு, ஒரு ஸ்கீ கிளப்பில் சேர்ந்து, இப்போது 54 வயதிலும் குளிர்காலம் முழுக்க வாரநாள் சாயங்காலங்களில் ரேஸ் ஓட்டுகிறார். ரேஸ் என்றதும் ஒலிம்பிக்கில் பார்ப்பதுதான் என் நினைவுக்கு வந்தது. "ரேஸுன்னா ரேஸுதான். ஆனா அங்க வர்றவிங்க எல்லாம் உன்னையாட்டம் கடை வச்சிருக்கறவிங்க, நர்ஸு, பிளம்பர், பேரன் எடுத்தவிங்க" என்றார். எங்கள் குழுவின் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது. "ஏனம்மிணி, முன்னால போனவன் டீ குடிச்சிட்டுத் திரும்பற வரைக்கும் மத்தவிங்க தனியா ஏறிட்டு இருந்தா, அதுக்கு எதுக்கு கிளப்புன்னு பேரு?"

அன்று பொழுதோட எங்கள் வாசலில் அவர் வேப்பங்குச்சிகளை ஒடித்து மண்ணில் நட்டார். என் கடையிலிருந்து சிவப்பு நூலும் நீல நூலும் கேட்டு வாங்கி, ஒன்று விட்டு ஒன்றாகக் கட்டினார். அதுதான் ஜெயன்ட் ஸ்லாலம் பாதையாம். சரிவில் சிவப்பு கேட், நீல கேட் என்று மாறி மாறி நட்டிருப்பார்கள். ஒவ்வொரு கேட்டையும் இரண்டு பாதமும் கடந்தாக வேண்டும். ஒன்றை விட்டால்கூட அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. போட்டிக்கு முன்னால் பாதையை ஓரமாக மெல்லச் சறுக்கிப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்வார்கள். தொடங்குமிடத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு கோல் குறுக்கே நிற்கும். கால் அதைத் தள்ளிய நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கும், நொடியில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கும். அவர் பக்கத்துச் சின்ன மேடுகளில் ஓட்டம் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடுமாம். 2010 ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வாங்கிய லிண்ட்சி வான் சிறுமியாகப் பழகிய பக் ஹில்லும் மின்னசோட்டாவில்தான் இருக்கிறது. அதன் சரிவு மேலிருந்து கீழ் வரை ஏறக்குறைய 300 அடிதான். எங்கள் சென்னிமலைக் கோயிலுக்கு 1,320 படி. அண்ணன் மலையைக் கைகாட்டி, "இதுல கொஞ்சம் ஏறுனாலே அந்த உயரம் வந்துரும்" என்றார்.

ஆனால் என்னை உட்கார வைத்தது குச்சிகள் அல்ல, அவர் அதன் பிறகு போட்ட கணக்கு.

அமெரிக்காவில் 1968இல் 'ஸ்கீ' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஜான் ஃப்ரை, நாஸ்டார் என்ற ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அவரவர் திறமையைக் காட்டும் ஹேண்டிகேப் என்ற எண் இருப்பதுபோல் சாதாரணச் சறுக்காளருக்கும் ஒரு எண் இருக்க வேண்டும் என்பது யோசனை. பிரெஞ்சு பனிச்சறுக்கு ஆசிரியர்களிடம் இருந்த ஒரு வழக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார். பருவத் தொடக்கத்தில் பேஸ்செட்டர்கள், அதாவது மற்றவர்களுக்கு அளவுகோலாக ஓடிக் காட்டுகிறவர்கள், ஒன்றாக ஓடிப் பார்த்து, ஆக வேகமானவரை விட மற்றவர் எத்தனை சதவீதம் மெதுவு என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு அவரவர் மலைக்குப் போய் அன்றன்றைய பாதையில் முதலில் ஓடுவார்கள். அந்தப் பேஸ்செட்டரின் நேரத்திலிருந்து அவருடைய சதவீதக் கூடுதலை எடுத்துவிட்டால், ஆக வேகமானவர் அன்றைக்கு அந்த மலையில் ஓடியிருந்தால் எவ்வளவு நேரம் எடுத்திருப்பார் என்று வந்துவிடும். அதுதான் அன்றைய அளவு. உன் நேரம் அதைவிட எத்தனை சதவீதம் கூட? அதுதான் உன் எண். பனி இறுகியிருந்தாலும் இளகியிருந்தாலும், மலை பெரிதானாலும் சிறிதானாலும் எண் எண்தான். பதக்கமோ வயதுவாரியாக, ஆண் பெண் தனித்தனியாக.

மறுநாளே வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எழுந்து போய் ஒரு நோட்டு எடுத்து வந்தார். கேட்டு முடித்ததும், "அப்ப இது எடைக்கல்லுங்க. சந்தையில எந்தக் கடையில நிறுத்தாலும் கல்லு ஒண்ணா இருந்தா கிலோ ஒண்ணுதான்" என்றார். அன்றிலிருந்து பேஸ்செட்டருக்கு எங்கள் குழுவில் எடைக்கல் என்றே பேர்.

எங்கள் எடைக்கல், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக்கில் வேலை பார்க்கும் 28 வயதுத் தம்பி. வண்டி வடக்கே போனால் மாசக்கணக்கில் ஆள் இருக்க மாட்டார், ஊரில் இருந்தால் எங்களோடுதான். ஆனி மாசம் சென்னிமலை வண்டிப் பாதையில் முதல் முறை அளந்தோம். தம்பி 15 நிமிஷம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர் 16 நிமிஷம் 12 நொடி, அவர் எண் 8. பத்தாவது படிக்கும் ஒரு பொண்ணு 19:30, எண் 30. நான் 21 நிமிஷம், எண் 40. வாத்தியார் 22:30, எண் 50. "அடுத்த மலையில் யார் தன் எண்ணை ஆக அதிகமாகக் குறைக்கிறார்களோ அவர்களே வெற்றி" என்று நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த மலையாகக் கொல்லிமலையைத் தேர்ந்தெடுத்தோம். ஆடிப்பெருக்கை ஒட்டிச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும், பாதை முழுக்க வண்டியாக இருக்கும். அதனால் அது முடிந்த அடுத்த ஞாயிறு. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் காரவள்ளி. வளைவுகளுக்கு எண் எழுதிய பலகை இருப்பதால் எங்கள் வேலை சுலபம்: முதல் வளைவில் தொடக்கம், 30ஆவது வளைவில் முடிவு. ஏற்றத்தில் மட்டும்தான் நேரம். இறக்கத்தில் யாரும் யாரையும் முந்தக் கூடாது, பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். பொதுச்சாலையில் இந்த இரண்டிலும் நான் இம்மிகூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் அணியில் தம்பியும் அந்தப் பொண்ணும் சேர்த்து ஏழு பேர், இரண்டு நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருவராக. பட்டறைக்காரர் அன்று வண்டி ஓட்டுவதற்காகவே வந்திருந்தார், சைக்கிளும் ஏஸில் கிடந்தது. அண்ணன் 30ஆவது வளைவில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். தம்பி 40 நிமிஷத்தில் வந்துவிட்டார் என்று போன் வந்தது.

இரண்டாவது அணி ஐந்து பேர், நானும் வாத்தியாரும் அதில். கிளம்ப நிற்கும்போது மழை பிடித்தது. தூறல் என்று நினைத்தோம், அரை மணி நேரத்தில் சாலையில் தண்ணீர் ஓடியது. மழை விட்டபின் காற்று நேர் எதிரே. இலையும் செம்மண்ணும் வளைவுகளில் வழுவழுவென்று கிடந்தன. வாத்தியார் என் பக்கம் திரும்பி, "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வண்டியில ஏறிக்கறேன்" என்றார். காய்ந்த சாலையில் எடுத்த 40 நிமிஷத்தோடு ஈரச் சாலையில் ஏறுகிறவரை ஒப்பிட்டால் எண் என்ன ஆகும் என்று கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டுமா?

அண்ணனுக்குப் போன் போட்டேன். "பாதை மாறிட்டா அளவும் மாறணும். எடைக்கல் மறுபடி ஏறணும்" என்றார். தம்பி நான் ஏறுகிறேன் என்று உடனே கீழே இறங்கி வந்தார். வாத்தியார்தான் மறுத்தார். பனியில் அரை நிமிஷம் ஓடுகிறவர் மறுபடி ஓடலாம், 40 நிமிஷம் மிதித்தவர் களைத்திருப்பார், களைத்த கல்லில் நிறுத்தால் எங்களுக்குத்தான் சாதகம், அது வேண்டாம் என்றார். தனக்குச் சாதகமான தப்பை அவரே எடுத்துச் சொன்னதும் சித்த நேரம் யாரும் பேசவில்லை. அப்போதுதான் பட்டறைக்காரர் ஏஸின் சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, பின்னால் போய்த் தன் சைக்கிளை இறக்கினார். லுங்கியை மாற்றிக்கொண்டு, "என்ற எண்ணுதான் தெரியுமில்லீங்க, எட்டு. எட்டைக் கழிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டார். ஐந்து பேரின் கணக்கு சரியாக வர வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷன் மழைக்காற்றில் 30 வளைவு ஏறினார். அவருக்கு அன்று பதக்கமும் இல்லை, போட்டியும் இல்லை.

நான் ஏறினதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாவது வளைவுக்குமேல் மூச்சும் சங்கிலிச் சத்தமும்தான். அண்ணன் சொல்லித் தந்த ஒன்று மட்டும் கை கொடுத்தது: அவர்கள் சறுக்கும்போது கண் எதிரே இருக்கும் கேட்டைப் பார்க்காதாம், அதற்கு அடுத்ததைப் பார்க்குமாம். வளைவுக்குள் நுழையும்போதே கண்ணை மேல் சாலைக்குக் கொடுத்தால் கைப்பிடி தானாகத் திரும்புகிறது. வளைவின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் கொஞ்சம் தூரம் கூட என்றாலும் மூச்சு மிச்சம். வண்டி வராதபோது நடுவே பிடித்து ஏறினேன். இருபதாவது வளைவு தாண்டி மேகம் விலகியபோது கீழே வயல்கள் எல்லாம் கழுவி விட்ட மாதிரி இருந்தன. நிற்கவில்லை, ஆனால் பார்த்தேன்.

நோட்டில் வாத்தியார் போட்ட கணக்கு இது. பட்டறைக்காரர் 46 நிமிஷம் 26 நொடி. அவருடைய எட்டு சதவீதக் கூடுதலை எடுக்க அதை 1.08ஆல் வகுத்தால் ஈரச் சாலையின் அளவு 43 நிமிஷம். நான் 58:55, எண் 37. வாத்தியார் 60:38, எண் 41. பழைய 40 நிமிஷத்தையே வைத்திருந்தால் அவர் எண் 51க்கும் மேலே போயிருக்கும், சென்னிமலையைவிட மோசம் என்று நினைத்து வீட்டுக்குப் போயிருப்பார். உண்மையில் அவர் ஒன்பது புள்ளி குறைத்திருந்தார், பன்னிரண்டு பேரில் அவ்வளவு குறைத்தவர் வேறு யாரும் இல்லை. எண்ணைப் போட்டுவிட்டு அவரே நம்பாமல் இரண்டாவது முறை வகுத்துப் பார்த்தார்.

பிறகு எல்லாரும் சோளக்காட்டுக்கு ஏறிப் போனோம், இந்தத் தடவை சேர்ந்து, ஆமை வேகத்தில். அங்கே முடவாட்டுக்கால் கிழங்கு சூப். ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோடு இருக்கும் கிழங்கு, தோலைச் சீவி மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். மூட்டுக்கு நல்லது என்று மலைக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சூடும் மிளகுமே போதுமாக இருந்தது, இரண்டு டம்ளர் குடித்தேன். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும், அன்றைக்கு எங்கள் காலுக்கு அது ஆகாது என்று விட்டுவிட்டோம். அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டோம்.

அந்தப் பொண்ணு மட்டும் சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். 52:24, எண் 31. முன்பு 30. ஒன்று கூடிவிட்டது. என்ன கண்ணு என்று கேட்டதற்குப் பிறகுதான் சொன்னாள்: பதினேழாவது வளைவில் மேலிருந்து ஒரு பஸ்ஸும் கீழிருந்து ஒரு லாரியும் எதிரெதிரே சிக்கிக்கொள்ள, இறங்கி ஒன்றரை நிமிஷம் ஓரமாக நின்றிருக்கிறாள். அண்ணன் யோசித்துவிட்டு, பனிச்சறுக்கில் குறுக்கே ஏதாவது வந்தால் மறுஓட்டம் உண்டு, ஆனால் அந்த இடத்திலேயே விலகி நின்று சொல்லிவிட வேண்டும், கோட்டைத் தாண்டி வந்தபின் கேட்க முடியாது என்றார். வாத்தியார் நோட்டை மூடவில்லை. "அந்தச் சட்டத்தை நாம காலையில சொல்லிக் கொடுக்கலையேங்க. சொல்லாத சட்டத்தை எப்படி அது மேல போடறது?" என்றார். அண்ணன் தலையாட்டி ஒத்துக்கொண்டார்.

அவள் பெயருக்கு எதிரே எண் எழுதாமல் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறோம். காலாண்டு லீவில் அவளுக்காக மறுபடி காரவள்ளி போகிறோம். ரிக் தம்பி அதற்குள் வடக்கே கிளம்பிவிடுவார், அதனால் அன்றைக்கும் பட்டறைக்காரர்தான் எடைக்கல். பதினேழாவது வளைவில் பச்சைக் கொடியோடு நிற்க வாத்தியார் பேர் கொடுத்திருக்கிறார். கொடிக்கு என் கடையிலிருந்து துணி எடுத்து வைத்துவிட்டேன்.